பழைய ஸ்டோரின் சாவி

இன்றைக்கும் பனிஸ் கொடுத்தார்களடி. மண்சரிவு விழிப்புணர்வுக் கூட்டம் என்று அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள், பேசி முடித்ததும் ஆளுக்கொரு சீனி பூசிய பன் நீட்டினார்கள். அந்தச் சீனி வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். "மலை வெடிச்சிருக்குன்னு சொன்னா பனிஸ் குடுக்குறானுங்க. பசிக்குதுன்னு சொல்லியிருந்தா மம்பட்டி குடுத்திருப்பானுங்களோ?" என்று அன்றைக்கு என் காதைக் கடித்தாயே, அதே வாசனை.

நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்ட வருடம் அது. நீ கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மழை விடும்வரை தங்கப் பழைய ஸ்டோரைத் திறந்துவிடுங்கள். மூடிக் கிடந்த தேயிலை ஆலை, பாறைமேல் நின்றது, உள்ளே எலிதான் குடியிருந்தது. அவர் தோட்டத்துத் துரையிடம் சொல்லி, துரை கச்சேரிக்குச் சொல்லி, கடைசியில் சாவி வரவில்லை, ஒரு திட்டம் வந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பெரிய மணி ஒன்றைக் கட்டினார்கள். ஆபத்தென்றால் அடிப்பார்களாம், நாம் ஓட வேண்டுமாம்.

ஒத்திகை நாளில் மணி அடித்தது. நமக்கு மணி என்றால் பெரட்டு, வேறென்ன தெரியும்? எல்லோரும் கூடையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய், பேர் கொடுக்க வரிசையில் நின்றோம், அதே மலைக்குக் கீழே. ஒத்திகை பார்க்க வந்த கச்சேரி அதிகாரிக்கோ பூரிப்பு தாங்கவில்லை. சிங்களத்தில் ஏதோ சொன்னார். "நம்ம தோட்டந்தான் ரொம்ப ஒழுங்குன்னு ஐயா சொல்றாங்க" என்றார் கணக்கப்பிள்ளை.

நீ மட்டும் வாய்விட்டுச் சிரித்தாய்.

"ஓடி வந்தாச்சுங்க. இதுவும் மலைக்குக் கீழதானே? ஸ்டோரு சாவி யாருகிட்ட இருக்குன்னு ஐயாகிட்ட கேளுங்க."

அவர் அதைச் சிங்களத்தில் சொல்லவே இல்லை. "வாயக் கொறச்சுக்க. பனிஸ வாங்கிட்டுப் போ" என்றார். இந்த ஜனங்களுக்கு ஆபத்தென்றால் என்னவென்றே தெரியவில்லை, அறிவூட்ட வேண்டும் என்று அதிகாரி வருத்தப்பட்டாராம். அதையும் கணக்கப்பிள்ளையே பெருமையாக வந்து சொன்னார். வெடிப்பைப் பார்த்துப் பயந்து கேட்டவள் நீ. அறிவு உனக்கு ஊட்ட வேண்டுமாம்!

ஆடி மழையில் மலை இறங்கியது. நல்ல பகல். பிள்ளைகள், உன் மகளும் சேர்த்து, ஆயாவோடு பிள்ளைக் காம்பராவில் இருந்தார்கள், பிழைத்தார்கள். பகல் சாப்பாட்டுக்கு நீ மட்டும் எங்களுக்கு முன்னால் லயத்துக்கு வந்திருந்தாய். மணியும் அடித்தது. மண் விழுந்த பிறகு அடித்தது.

அப்போது சாவி கிடைத்துவிட்டது. உன் சவப்பெட்டியை வைக்க லயத்தில் இடமில்லை என்று துரையே ஆளனுப்பி ஸ்டோரைத் திறந்துவிட்டார். பெருக்கித் தண்ணீர்கூடத் தெளித்திருந்தார்கள். நீ கேட்ட இடத்துக்கு உன்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம்.

இன்றைக்கு வந்த அதிகாரி பொடியன், தமிழும் பேசினார். மழை வலுத்தால் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றார். நான் எழுந்தேன்.

"பள்ளிக்கூடத்துச் சாவி யாருகிட்ட இருக்குங்க?"

அவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை கூரையைப் பார்த்தார். "அதெல்லாம் அடுத்த கூட்டத்துல பேசுவோம். அம்மா, பனிஸ் எடுத்தீங்களா?"

எடுக்கவில்லையடி. சாவியைக் கையில் தாருங்கள் என்று நின்றேன். எனக்குப் பின்னால் உன் மகளும் எழுந்து நின்றாள்.