கடைசி எழுத்திலிருந்து

ஆஷ் கிரீக், நெப்ராஸ்கா
ஞாயிறு, செப்டம்பர் 25, 1932

அன்புள்ள ஓபலுக்கு,

அம்மா எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தலை வாரிக்கொள்கிறேன், அதனால் சுகம் என்றே வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் அங்கே இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும். உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்துவிட்டது, பதில் போடாதது சோம்பலால் இல்லை, சனிக்கிழமை முடியட்டும் என்று இருந்தேன், நேற்று முடிந்தது. நீ கேட்டது ஒன்றே ஒன்று. அப்பாவின் ஸ்டென்சில் பெட்டியை கிராண்ட் ஐலண்டிலிருந்து வந்து விலை அட்டை போடுகிற ஹார்லனுக்கு விற்றுவிட்டு, வீட்டைக் காலி பண்ணி, ஓக்லாந்துக்கு வந்து உன்னோடு இரு என்று. அதற்கான பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே பிடிபடும், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. முட்டைக் கிடங்கை மூடியது உனக்குத் தெரியும், இப்போது அதன் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டார்கள், இனிமேல் விளக்குக்கு முன்னால் முட்டையைத் தூக்கி, கெட்டதா என்று பார்க்கிற வேலை எனக்கு இல்லை. பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டுவிட்டு, பதினாறில் உங்கள் அப்பாவோடு கிளம்பி வந்தவளுக்கு வேறு யார் வேலை கொடுக்கப் போகிறார்கள். மார்ச்சில் அப்பாவை அடக்கம் பண்ணினபோது தேவாலயத்துப் பெண்கள் கேக்கும் கோழியும் கொண்டுவந்து வைத்த பாத்திரங்கள் இன்னும் சமையலறையில் அடுக்கியபடியே இருக்கின்றன, கழுவித்தான் வைத்திருக்கிறேன், எது யாருடையது என்று யோசிக்கவேண்டும், யோசிக்கவில்லை. பாதிரியாரின் மனைவி போனமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு, வெர்னா, மனசுல இருக்கறத யார்கிட்டயாவது கொட்டிடும்மா என்றாள். கொட்டுவதற்கு ஏதாவது இருக்கவேண்டுமே. பல் பிடுங்க மருந்து வைத்தபிறகு நம் கன்னத்தை நாமே தொட்டால் யாரோ வீட்டுக் கன்னம் மாதிரி இருக்கும், எனக்கு முழு ஆளும் அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு நீ ரயில் ஏறி வந்து நிற்காதே.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களுக்கு விலை அட்டை போட்டுக்கொடுத்தார் என்பதுதான் நம் இருவருக்கும் தெரியும், கடைகளில் எப்படிப் போட்டார் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை, அவர் சாலையில் இருந்தார், நான் முட்டையோடு இருந்தேன். ஜூலையில்தான் பெட்டியைத் திறந்தேன். மூடியைப் பின்னால் சாய்த்தால் அதுவே சாய்வு மேஜை ஆகிவிடுகிறது. அதன் குறுக்கே ஒரு பித்தளைச் சட்டம், சட்டம் முழுக்கச் சின்னச் சின்னப் பற்கள். எழுத்து வெட்டிய தகடுகள் ஒரு பக்க அறையில், மையும் கட்டைப் பிரஷ்ஷும் இன்னொரு பக்கத்தில். தகட்டைச் சட்டத்தில் மாட்டி, மை தொட்டுக் குத்தி எடுத்து, அடுத்த தகட்டை மாட்டவேண்டும், இதில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்தேன். ஓபல், ஒரு வார்த்தை நேராக வரவில்லை. முதல் எழுத்து ஆடுகிறது, மூன்றாவது எழுத்து மேலே ஏறுகிறது, கடைசி எழுத்து அட்டையை விட்டு வெளியே தொங்குகிறது. சட்டத்தின் வலது கோடியில் ஒரு கட்டையை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார், வார்த்தை அங்கே முடியவேண்டும் என்று காட்டுவதற்காக என்று நினைத்துக்கொண்டேன், அங்கே கொண்டுபோய் முடிக்கிறேன் பேர்வழி என்று இன்னும் கோணல் ஆக்கினேன். ஒரு மாதம் இதே கதை. எனக்குக் கை வராது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஹார்லன் வந்தான். நல்ல தொப்பி, நல்ல கார், வாசலிலேயே நின்றுகொண்டு, பொம்பளைங்க பெட்டியத் தூக்கிட்டுக் கடை கடையா ஏறி எறங்கறது நல்லாவாங்க இருக்கும், எங்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா இருங்களேன் என்றான். முட்டைக் கூடைய தூக்கிட்டு ஏறி எறங்கினப்போ நல்லா இருந்துச்சா, அப்ப வந்து கேக்கலயே நீ என்றேன். சிரித்தான், கெட்ட பையன் இல்லை, ஆனால் அவனுக்கு வேண்டியது பெட்டி இல்லை, அப்பா போய்வந்த கடைகள். பெட்டி என் கையில் இருக்கிறவரை கடைக்காரர்கள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசச் சங்கடப்படுகிறார்கள், அதுதான் விஷயம். துணிக்கடை வாவ்ரா எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம்தான் சுற்றுவட்டாரத்து எல்லா ஊர்க் கடைக்காரர்களும் போவார்கள், அது உனக்கும் தெரியும், உன் பள்ளிக்கூடச் சட்டைத்துணி எல்லாம் அவர் கடையில் எடுத்ததுதானே.

நானே நேராக வாவ்ராவிடம் போனேன். அவர் மேஜையில் துணியை அளந்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார், இதோ பாரும்மா வெர்னா, உன் வீட்டுக்காரன் எமெட் எனக்குத் தம்பி மாதிரி, அதுக்காகக் கோணல் அட்டைய ஜன்னல்ல வெச்சு ஊரச் சிரிக்க வெக்க முடியாது, சனிக்கிழமை குளிர்காலத் துணி விக்க ஆரம்பிக்கறேன், வந்து கடையிலயே ஒக்காந்து போடு, அவன் போட்ட மாதிரி வந்தா எல்லாக் கடையும் உன்னோடது, நானே சொல்லிடறேன், வரலேன்னா ஹார்லன் வர்றான், அப்பறம் என்னத் திட்டக்கூடாது. திட்ட மாட்டேன் என்றேன். அப்போதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது மாதிரிதான், ஓக்லாந்துக்குச் சாமான்களைக் கட்டுவதற்கு வைக்கோல் கயிறு எங்கே கிடைக்கும் என்றுகூட வரும் வழியில் கேட்டுக்கொண்டு வந்தேன்.

நேற்றுக் காலை கடைக்குப் போனால் விவசாயிகள் எல்லோரும் ஊருக்குள் வந்திருக்கிறார்கள், சோளம் இன்னும் காயவில்லை, கையில் வேலை இல்லை, அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். திருமதி வாவ்ரா பிளம் பழம் வைத்துச் சுட்ட கொலாச் ரொட்டி ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள், தின்றேன், இனிப்பு என்று தெரிந்தது, அதற்குமேல் இல்லை. பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தேன். முதல் அட்டை கோணல். இரண்டாவதும் கோணல், அதில் ஒரு எழுத்தில் பாதி மேஜையிலேயே பதிந்துவிட்டது. வாவ்ரா ஒரு துணியால் மேஜையைத் துடைத்தார். பிறகு புது அட்டையை வீணாக்கவேண்டாம் என்று நினைத்தாரோ என்னமோ, உள்ளே போய்ப் பழைய அட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார், எல்லாம் அப்பா போட்டவை, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, அதில் போடு என்றார். இந்தத் தொழிலில் அது வழக்கம்தானாம், பழையதைத் திருப்பிப் போட்டு எழுதுவது. நானும் திருப்பிப் போட்டேன். அதுவும் கோணல்.

அப்போது ஓட்டோ, தெற்கே பன்றி வளர்க்கிற கட்டைப் பிரம்மச்சாரி, நினைவிருக்கும், அந்த ஓட்டோ பொறுக்க முடியாமல் சொன்னான், ஏம்மா, நீ பாட்டுக்குப் பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி மொதல்லேருந்து எழுதிட்டே போனா நாங்க நின்னு பாத்து என்ன பிரயோஜனம், எமெட்டுன்னா வாலப் புடிச்சு இழுத்துட்டு வருவான், தல கடைசியிலதான் வரும், என்ன மிருகம்னு நாங்க பந்தயம் கட்டுவோம். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள், போன வருஷம் ஓட்டோ ஒரு சுருட்டு ஜெயித்தானாம், அதைப் பிடிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தானாம். உங்கள் அப்பா கடைசி எழுத்திலிருந்து போடுவார் என்று எனக்குத் தெரியும் ஓபல், உன் பிறந்தநாளுக்கு ஒருதரம் உன் பெயரை அப்படித்தானே போட்டுக் காட்டினார். ஆனால் அது கோமாளி வேலை, நாலு பேர் கூடுவதற்கு அவர் அடிக்கிற கூத்து என்றுதான் நான் வைத்திருந்தேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. சரி, இதுதான் கடைசி அட்டை, இவர்கள் ஆசைக்குப் போட்டுவிட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு போய்விடலாம் என்று வலது கோடிக்குப் போனேன். தகட்டை மாட்டினேன். அந்தக் கட்டையில் போய் முட்டி டக் என்று உட்கார்ந்தது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அந்தக் கட்டை வார்த்தை முடிகிற இடம் இல்லை, தொடங்குகிற இடம். அடுத்த தகடு முதல் தகடு விட்ட பல்லில் தானாகப் போய் உட்கார்ந்தது. இத்தனை நாளும் நான் வாலையும் தலையையும் மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எஸ் வந்தது. பூட்ஸ் என்றான் ஓட்டோ. சாக்ஸ் என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. அடுத்து டி வந்ததும், பாத்தியா, பாத்தியா, நான் சொன்னேன்ல, பூட்ஸ் என்று ஓட்டோ எல்லோரையும் திரும்பிப் பார்த்தான். அடுத்து ஏ வந்தது. உன் பூட்ஸ்ல ஓட்ட விழுந்துடுச்சுடா என்றான் ஒருத்தன். அப்போ ஹேட்ஸ், தொப்பிதான், நான் மொதல்லயே தொப்பின்னுதான் நெனச்சேன் என்றான் ஓட்டோ, வாய் கூசாமல். ஓ வந்தபோது கடையே கோட்ஸ் என்று சொல்லிவிட்டது, கடைசித் தகட்டை மாட்டுவதற்கு முன்னாலேயே ஒரு பெண் எழுந்துபோய்க் கோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாவ்ரா அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், உள்ளே போய் இன்னும் அட்டை கொண்டுவந்தார். அட்டை முடிய முடிய வந்துகொண்டே இருந்தது. ஒன்று சொல்லவேண்டும், நான் வலதுகைக்காரி, வலப்பக்கம் இருக்கிற ஈர எழுத்தின் மேல் கை படாமல் தூக்கிப் பிடித்தபடியே மத்தியானம் வரைக்கும் குத்தினேன், தோள்பட்டை இன்றைக்கும் மேலே எழவில்லை, இந்தக் கடிதம்கூட அதனால்தான் இப்படிக் கிறுக்கலாக இருக்கிறது.

எல்லா அட்டையும் ஜன்னலில் ஏறியபிறகு வாவ்ரா வெளியே போய்த் தெருவில் நின்று பார்த்தார். உள்ளே வந்து, துணிக்கட்டை எடுத்து வைத்துக்கொண்டே, நல்லா வந்திருக்கு, எமெட்கிட்ட சொல்லு என்றார். சொன்னபிறகுதான் அவருக்கே தெரிந்தது என்ன சொன்னோம் என்று. திருமதி வாவ்ரா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியை வாயில் வைத்துக்கொண்டாள். ஓட்டோ தொப்பியைக் கழற்றினான். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சொல்றேன் என்றேன். வாவ்ரா, நவம்பர்ல நன்றி சொல்லும் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை வந்துடு, மத்த ஊர்க்காரங்களுக்கு நான் ஃபோன் பண்ணிடறேன் என்றார். அவ்வளவுதான், கடைகள் எனக்கு என்று ஆயிற்று.

காரை ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் யோசித்தேன், அவர் ஏன் அந்தக் கட்டையை வலப்பக்கம் மாற்றினார் என்று. இடதுகைக்காரர், இடப்பக்கமிருந்து போட்டால் ஈர மையைக் கையே அழித்துவிடும், அதற்காக மாற்றியிருக்கிறார். சின்ன வயசில் இடதுகைக்காகப் பள்ளிக்கூடத்தில் விரல் முட்டியில் அடி வாங்கினவர், கடைக்காரன் எவனாவது கேலி பண்ணுவதற்கு முன்னால் தானே அதை வேடிக்கையாக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தேன், இடப்பக்கத்தில் பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் இருக்கின்றன, மெழுகு வைத்து அடைத்திருக்கிறார். ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றிவிட்டால் எனக்கு வசதி, தோள் வலிக்காது. ஸ்க்ரூ திருப்பியைக் கையில் எடுத்தேன், பிறகு மேஜை இழுப்பறையிலேயே போட்டுவிட்டேன். பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. இடப்பக்கமிருந்து போட்டால் அது வெறும் அட்டை, அதை ஹார்லனும் போடுவான், அழகாகவே போடுவான். கடைக்காரர்கள் கூப்பிடுவது அட்டைக்கு இல்லை.

இன்று தேவாலயத்துக்குப் போகிற வழியில் கல்லறையில் நின்று, நல்லா வந்திருக்காம், வாவ்ரா சொல்லச் சொன்னார் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை, புல் வளர்ந்திருந்தது, கொஞ்சம் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆகவே நான் வரவில்லை ஓபல். பெட்டியை விற்கவும் இல்லை. எனக்காக ஒதுக்கிவைத்த அறையை வேறு யாருக்காவது விடு, காலியாக வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காதே. கோபித்துக்கொண்டு ஒரு மாதம் எழுதாமல் இருப்பாய், இரு, ஆனால் அதற்குமேல் வேண்டாம். மாப்பிள்ளையைக் குளிர் வருவதற்குள் புகைக்குழாயைச் சுத்தம் பண்ணச் சொல், அவன் மறப்பான், நீ ஏணியை எடுத்து வைத்தால் வெட்கப்பட்டுச் செய்வான். ராத்திரியில் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கு. கடவுள் உங்கள் இருவர் தலையிலும் கை வைத்தபடியே இருக்கட்டும், நீங்கள் உட்காரும் மேஜையில் ரொட்டி குறையாமல் இருக்கட்டும். நாளைக்குக் காலையில் அடுத்த ஊருக்குப் போகவேண்டும், அங்கே செருப்புக் கடை வைத்திருக்கிறவள் இன்றைக்கு ஞாயிறு என்றும் பார்க்காமல் ஃபோனில் கூப்பிட்டாள். எத்தனை அட்டை, என்ன மை என்று ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் கூடுமா என்றுதான் கேட்டாள். கூடும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
வெர்னா