கோட்டைக்குள் ஒரு விளக்கு

ஜூன் 4

நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. வந்த ஒருவரும் தன் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து எழுந்தவர். "தானா வளைஞ்சிடுச்சு" என்று சாதித்தார். நிமிர்த்திக் கொடுத்தேன். எனக்கு நிமிர்த்தத் தெரிந்தது ஃப்ரேம் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சுவரைப் பார்த்து, "குழம்பு சூடு பண்ணியிருக்கு" என்றார். சுவருக்குப் பசியில்லை போலிருக்கிறது, நான் சாப்பிட்டேன். கணவரை விட்டுவிட்டு நான் இங்கே திரும்பி வந்த நாளிலிருந்து இப்படித்தான். அன்றைக்குப் பெட்டியைக் கீழே வைப்பதற்குள், "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்" என்றார் அப்பா. என் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன கடைசி வாக்கியம் அது. கீழ்வீட்டு அம்மாவிடம் "லீவுல வந்திருக்கா" என்று சொல்லிவைத்திருக்கிறார். மாதக்கணக்கில் லீவு தருகிற ஆபீஸ் எது என்று அந்த அம்மாவும் கேட்கவில்லை.

ஜூன் 7

பரணில் போர்வை தேடப்போய் ஒரு அட்டைப் பெட்டி கிடைத்தது. தம்பியும் நானும் சின்ன வயதில் ஆடிய வீடியோ கேம் மிஷின். டிவியில் மாட்டினேன், உயிரோடுதான் இருக்கிறது. அதே குள்ளன், அதே குடை. குதித்துக் குடையை விரித்தால் மெதுவாக இறங்குவான்.

பழைய மிஷின் எதையும் நினைவில் வைக்காது. அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து. அப்போதெல்லாம் நாங்கள் கோட்டை வாசலை எட்டுகிற நேரம் பார்த்து அப்பா வந்து அணைத்துவிடுவார். மின்சார ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. ஊரில் எவன் வீட்டு மீட்டர் ஓடினாலும் பொறுப்பார், தன் வீட்டில் ஓடினால் மட்டும் பொறுக்கமாட்டார். அதனால் இத்தனை வயதுக்கும் அந்தக் கோட்டைக்குள் நான் கால் வைத்ததில்லை.

ஜூன் 8

ஞாயிறு. வாசல் வரை போய்விட்டேன்! தொங்குபாலம், கீழே நெருப்புக் குழம்பு, கறுப்புக் கல் சுவர். உள்ளே நுழைந்த உடனே கூரையிலிருந்து கல் விழுந்து செத்தேன், ஒரு உயிர் போனது. மறுபடியும் போனேன். மறுபடியும் கல்.

நாளை தொடரலாம் என்று குள்ளனை வாசலில் நிறுத்தி, மிஷினை அணைக்காமல் டிவியை மட்டும் அணைத்தேன். 'அணைக்க வேண்டாம்' என்று ஒரு சீட்டும் ஒட்டினேன்.

தம்பி போன் செய்தான். "அப்பா என்கிட்ட நல்லாத்தானேக்கா பேசுறாரு" என்றான். உன்னிடம் பேசுவார்டா. நீ தூரத்தில் இருக்கிறாய்.

ஜூன் 9

அணைத்துவிட்டார். சீட்டு அப்படியே இருக்கிறது, மிஷின் மட்டும் அணைந்திருக்கிறது.

கத்திவிட்டேன். "வீட்ல எதை வேணா அணைச்சுக்கோங்கப்பா, இதை மட்டும் விட்ருங்க. எனக்குன்னு இருக்கிறதே இது ஒண்ணுதான்." சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. முப்பத்தெட்டு வயசுக்காரி ஒரு விளையாட்டுச் சாமானுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, அது உண்மை என்பது—

அப்பா சுவரிடம்கூட எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 13

சாயங்காலம் கதவைத் திறந்தால் ஃபேன் இல்லை, லைட் இல்லை, வாட்டர் ஹீட்டர் பிளக்கைக்கூடப் பிடுங்கிப் போட்டிருந்தார். இருட்டில் மிஷினின் சிவப்புப் பொட்டு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நாலு நாளாக அதை மட்டும் அவர் தொடவில்லை.

ஜூன் 14

கோட்டைக்குள் இன்று வெகுதூரம் போனேன். கல் விழும் இடத்தில் ஓடக்கூடாது, நின்று நின்று போக வேண்டும். அடுத்து இரும்புக் கவசக்காரர்கள். நான் ஒரு அடி வைத்தால் அவர்களும் ஒரு அடி வைப்பார்கள், நான் நின்றால் நிற்பார்கள். அப்பாவும் நானும் சமையலறை வாசலில் எதிரெதிரே வந்தால் இதே கதைதான்.

அதைத் தாண்டினால் மூன்று கதவு. இரண்டு கதவுகள் கொண்டுபோய் மறுபடி வாசலிலேயே தள்ளுகின்றன. மூன்றாவதில் ஒரு சின்ன அறை. எதிரி கிடையாது, காசு கிடையாது, பாட்டும் நின்றுவிடுகிறது. ஒரு மேசை, மேசை மேல் எரிகிற விளக்கு, அவ்வளவுதான். இதை எதற்கு வரைந்தார்களோ. குள்ளனை அங்கே நிறுத்திவிட்டு நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகிப் போன வீட்டில் எனக்கு இப்படி ஒரு அறை இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருப்பேனோ என்னவோ.

அறையை விட்டு வெளியே வந்ததும் செத்தேன்.

ஜூன் 16

கடையில் பில் போடுகிற அக்கா தன் அறைக்கு வந்துவிடச் சொல்கிறார். அவரோடு தங்கியிருக்கும் பெண் மாதக் கடைசியில் காலி செய்கிறாளாம். "யோசிச்சுச் சொல்லும்மா. ஆனா அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள்ள சொல்லிடு, கேட்டு ஆள் நிக்குது."

அதற்குள் அப்பா என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை, 'எங்க போற' என்றாவது கேட்டால் இருந்துவிடுவேன். இல்லையென்றால் பெட்டியை எடுப்பேன். எத்தனை நாளைக்குத்தான் சுவருக்குப் பதிலாகச் சாப்பிடுவது?

ஜூன் 18

நேற்று கோட்டையில் எல்லாம் இழந்து இரண்டு உயிரோடு நிறுத்தினேன். இன்று பார்த்தால் பதினொன்று. பழைய மிஷின், கிறுக்குப் பிடித்திருக்கும்.

ஜூன் 19

மறுபடியும் ஏறியிருக்கிறது. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று டிவிக்கு மூக்கை இடிக்கிற மாதிரிக் கிடந்தது. நாற்காலிக்குமா கிறுக்கு?

ஜூன் 20

கடையில் லென்ஸ் வெட்டுகிற மிஷின் படுத்துக்கொண்டது. மதியமே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே அந்தக் குடைக்காரன் பாட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டிவிக்கு முட்ட முட்ட உட்கார்ந்து, குள்ளன் குதிக்கும்போதெல்லாம் தானும் தோளைத் தூக்குகிறார்.

ஆடியது முதல் கட்டம். புல்வெளி, பஞ்சு மேகம், குழந்தைகள் ஆடுகிற கட்டம். நூறு காசு சேர்த்தால் ஒரு உயிர். பொறுக்கிப் பொறுக்கிச் சேர்க்கிறார். கட்டம் முடிந்ததும் திரும்பப் போய் அதையே ஆடுகிறார். கடைசியில், குள்ளனை வரைபடத்தில் அத்தனை தூரம் நடத்திக்கொண்டு வந்து கோட்டை வாசலில், நான் விட்ட அதே இடத்தில் நிறுத்தினார். பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விடுவதுபோல விட்டார்.

எனக்காக.

மணி அடிக்காமல் கீழே இறங்கிப்போய் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எதற்கு வம்பு என்று நகர்ந்து உட்கார்ந்தார். வழக்கமாக வரும் நேரத்துக்குப் போய் மணியை நீளமாக அடித்தேன். உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"காபி போட்டிருக்கு" என்றார், சுவரிடம்.

ஜூன் 21

படிக்கிற கண்ணாடிக்குக் கைதூரம்தான் தெரியும். அதனால்தான் நாற்காலி அங்கே போகிறது. இது புரிய எனக்கு ஒரு நாள் ஆகியிருக்கிறது, நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள்! அலமாரியில் கிடந்த அவருடைய பழைய கண்ணாடியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பவர் பார்த்து, டிவி தூரத்துக்கு ஏற்றபடி குறைத்து, புது லென்ஸ் வெட்டச் சொன்னேன். மிஷின் எழுந்துவிட்டது.

ஜூன் 23

கண்ணாடியை டிவி மேல் வைத்தேன்.

"யாரோ கண்ணாடியை மறந்து வச்சுட்டுப் போயிருக்காங்க" என்றார் அப்பா.

நானும் சுவரிடமே சொன்னேன். "மறக்கல. தூரத்துல உக்காந்து டிவி பாக்கிறவங்களுக்கு."

ஜூன் 24

நாற்காலி மேசையடியிலேயே இருக்கிறது. உயிர் முப்பத்தி நாலு. எனக்கு ஒன்றைக்கூடச் செலவு செய்ய மனம் வரவில்லை. கோட்டைப் பக்கமே போகவில்லை.

ஜூன் 25

இன்று யாரோடும் பேசவில்லை. 'மேல பாருங்க, கீழ பாருங்க' என்று கடைக்கு வந்தவர்களிடம் சொன்னதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உயிரெல்லாம் சேர்த்து வைக்கத் தெரிகிற மனுஷருக்கு வாயைத் திறந்து ஒரு 'என்னம்மா' வரமாட்டேன் என்கிறது. அந்த வீட்டில் தனியாக இருந்தேன், சரி. இங்கேயுமா?

ஜூன் 27

துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் காலையில் கிளம்பினேன். நாளை அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். பெட்டி கட்டில் மேல் திறந்தே கிடந்தது. அவர் பார்க்கட்டும் என்றுதான் மூடாமல் போனேன்.

சாயங்காலம் வந்தால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எதையும் மறைக்கவில்லை. திரையில் குள்ளன், கோட்டைக்குள், அந்த விளக்கு அறையில். மேலே எண்ணிக்கையைப் பார்த்தேன். ஒன்று.

அப்பா புதுக் கண்ணாடியோடு சமையலறை வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார். என்னைத்தான்.

"எல்லாத்தையும் செலவு பண்ணிட்டேன்மா."

தோள் பையைக் கீழே வைத்தேன்.

"நீ தினம் போறியே, அப்படி என்னதான் இருக்குன்னு உள்ள போய்ப் பாத்தேன். கல்லு விழுது. ஒதுங்கினா அந்த இரும்புக்காரனுங்க வரானுங்க. தப்பிச்சு ஒரு கதவைத் திறந்தா மறுபடி மொதல்ல கொண்டுபோய் விடுது. காலையிலேர்ந்து இதே பாடுதான்." கையைத் துண்டில் துடைத்தார், ஈரமில்லாத கையை. "இந்த ரூம்ல மட்டும்தான் மூச்சு விட முடிஞ்சுது. மிச்சம் இருக்கிற ஒண்ணையாவது காப்பாத்தலாம்னு இங்கயே நிறுத்திட்டேன். ஆளே இல்லாம ஒரு விளக்கு எரியுது, அதை அணைக்க வழியிருக்கான்னும் பாத்தேன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியல. உள்ள போனாத்தான் தெரியுது." பிறகு, "அந்த வீட்ல எத்தனை வருஷம் இருந்த?"

"ஒம்பது வருஷம்பா."

"ஒம்பது." தனக்குத்தானே இன்னொரு முறை சொல்லிக்கொண்டார். "நான் ஒரு வார்த்தைல பொறுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

அவர் போய்ப் பாத்திரம் கழுவினார். நான் பக்கத்தில் நின்று துடைத்து வைத்தேன்.

ஜூன் 28

பில் போடுகிற அக்காவிடம் வரவில்லை என்று சொன்னேன். "உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது" என்றார்.

ஜூன் 30

அப்பாவின் கண்ணாடி மூக்கில் நிற்காமல் நழுவுகிறது. "கடைக்கு வாங்க, சரி பண்ணித் தரேன்" என்றேன். கிளம்பும் முன் வழக்கம்போல அறை அறையாகப் போய் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துக்கொண்டு வந்தார். மிஷினின் சிவப்புப் பொட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதை என்னம்மா பண்றது?"

"இருக்கட்டும்பா. ஒரு உயிர்தானே இருக்கு."

"இருக்கட்டும். வந்து சேத்துக்கலாம்."

டிவிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி இறங்காதீர்கள், படி மங்கலாகத் தெரியும் என்று சொன்னால் கேட்டால்தானே. முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கீழ்வீட்டு அம்மா கதவருகில் நின்றிருந்தார். "பொண்ணுக்கு இன்னும் லீவு முடியலையா?"

அப்பா நின்றார். நழுவிய கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"லீவெல்லாம் இல்லம்மா. அவ இங்கதான் இருக்கா."

பிறகு அடுத்த படியைக் காலால் தேடினார். நான் முழங்கையை விடவில்லை.