பூட்டிய தொட்டியில் ஏறிய எண்

இன்று காலை கொட்டகைக் கதவைத் திறந்ததும் மீன் அமில வாடை வந்தது. வெல்லமும் மீன் கழிவும் சேர்ந்து ஊறினால் பழவாசனை வரும் என்பாய். என் மூக்குக்கு அது ஒருநாளும் பழமாகத் தெரிந்ததில்லை. ஆனாலும் ஒரு நொடி, அத்திப்பட்டிலிருந்து முதல் ரயிலில் வாளியோடு நீ வந்து இறங்கிவிட்டாய் என்றே நினைத்துவிட்டேன். நீ போய் ஏழு மாதமாகிறது.

"வாளியத் தூக்கிக்கினு ஏறுனா போதும்டா, பொட்டியே காலி. கால நீட்டிக்கினு வரலாம்" என்று சிரிப்பாய். நான் சிரித்துக்கொண்டே வாளி மூடியைத் திறந்து பார்ப்பேன். மீனுக்கு அடியில் வேறு ஏதாவது இருக்குமோ என்று.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. முலாம் பூசும் கம்பெனியில் நீ தொட்டியில் வேலை பார்த்தாய், நான் அந்தத் தொட்டியைச் சோதித்தேன். சந்தேகப்படுவதற்கே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கம்பெனியை மூடியபோது கும்மிடிப்பூண்டிக்கு வெளியே இரண்டு பசுமைக்குடில் போட்டோம். மண்ணே இல்லாமல், பைப்பில் ஓடும் தண்ணீரிலேயே லெட்யூஸ், அருகுலா என்ற சாலட் கீரைகளை வளர்த்தோம். மற்றவர்கள் உர உப்பைக் கரைத்து ஊற்றினார்கள். நாம் கடலைப் புண்ணாக்கும் மீன் அமிலமும் மண்புழு உரக் கரைசலும் மட்டும்தான் என்று முடிவு செய்தோம். "ஆர்கானிக்னு அட்டையில போட்டுட்டு ஒரு பிடி உப்பு போட்டாலும் அது திருட்டுதான் நைனா" என்று நீதான் சொன்னாய். அதையே பிடித்துக்கொண்டு உன்னை அளக்க ஆரம்பித்தேன்.

முதல் இரண்டு விளைச்சல் வெளிறிப் போய், சோகை பிடித்த மாதிரி நின்றது. மூன்றாவதில் இலை தளதளவென்று வந்தது. எல்லோரும் சந்தோஷப்படும் இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. மீட்டரை எடுத்துக்கொண்டு புண்ணாக்கு ஊறல் தொட்டிக்குப் போனேன். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும் சின்ன மீட்டர் அது. முந்தின நாளைவிட எண் கூடியிருந்தது. மறுநாள் இன்னும் கூடியது. கம்பெனித் தொட்டியில் எண் இறங்கும்; யாராவது ஊற்றினால்தான் ஏறும். எத்தனையோ வருடம் நான் பார்த்தது அதைத்தான்.

"இன்னா போட்ட?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் போடல. புண்ணாக்கு ஊறி ஊறித்தான் சத்து தண்ணில எறங்கும். அப்போ நம்பரு தானா ஏறும். இது ஆசிட் தொட்டி இல்லடா."

தானாக ஏறுமாம்! அன்று மத்தியானம் நீ கை கழுவப் போனபோது ஆணியில் தொங்கிய உன் சட்டையைத் தடவினேன். பையில் வெள்ளைத் தூள் இருந்தது. நக்கிப் பார்த்தேன். குளுக்கோஸ். குடிலுக்குள் வெக்கை தாங்காமல் நீ அதைக் கரைத்துக் குடித்திருக்கிறாய். உனக்கு என்ன உடம்புக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. குளுக்கோஸ் கொண்டுவருகிறவன் உப்பும் கொண்டுவரலாம் என்றுதான் தோன்றியது.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. பிறகு ஒரு புதன்கிழமை புது ஊறல் போட்டோம். கலக்கி முடிக்கும்வரை உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் கொட்டகைக்குப் பூட்டு போட்டேன். நீ பூட்டைப் பார்த்தாய்.

"இன்னாத்துக்குடா?"

"எலித் தொல்லை."

"எலிக்கு இம்மாம் பெரிய பூட்டா?" என்றாய்.

இருந்த ஒரே சாவி என் இடுப்பில். வெள்ளிக்கிழமை எண் ஏறியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே புத்தி வந்திருக்கும். எனக்கோ, நீ கள்ளச்சாவி போட்டுவிட்டாய் என்று தோன்றியது. பஜாருக்குப் போய் வேறு பூட்டு வாங்கி வந்து மாட்டினேன். உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ போய்வருகிறேன் என்றதற்கும் தலையைக்கூட ஆட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நெஞ்சு அடைக்கிறது என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை என்று போன் வந்தது. திங்கட்கிழமை உன்னை அடக்கம் செய்தோம். செவ்வாய்க்கிழமை, செடி காய்ந்துவிடுமே என்று கொட்டகையைத் திறந்து மீட்டரைத் தொட்டியில் விட்டேன்.

எண் ஏறியிருந்தது. மீட்டரைத் துடைத்து மறுபடி விட்டேன். மறுபடியும் அதேதான். தரையில் உட்கார்ந்து அழுதேன். உனக்காக அழுதேனா, எனக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு உன் வீட்டுக்கு வந்தபோது உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அவளே ஆரம்பித்தாள். "பூட்டு விஷயம் அவுருக்கு தெரியும்ணே. எலிக்கு இல்ல, எனக்குதான் போட்டுக்கிறான், போட்டுக்கட்டும், இனிமேயாச்சும் நம்புவான்னு சொல்லிக்கினு இருந்தாரு."

என் பூட்டை உனக்குச் சாட்சியாக நீ நினைத்திருக்கிறாய். அந்தச் சாட்சியையும் நான் இரண்டே நாளில் கள்ளச்சாவி என்று தள்ளினேன். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். என்னைத் தேற்றுவதற்காக அவள் அப்படிச் சொன்னாளோ என்று ரயிலில் ஒரு சந்தேகம் வந்தது. பார், இன்னும் விடவில்லை.

போன வாரம் வேப்பம்பட்டிலிருந்து ஒரு அம்மா கீரை வாங்க வந்தார். இலையைக் கிள்ளி முகர்ந்து, "நெஜமாவே மருந்து உப்பு ஒண்ணும் போடறது இல்லியா சார்?" என்றார். ஒன்றும் போடவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அந்தப் பார்வையை எனக்கா தெரியாது? காட்டுவதற்கு என் கையில் ஒன்றுமில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு அவர் முன்னால் சும்மா நின்றேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது, உடம்பெல்லாம் கூசிவிட்டது. உன்னை நான் இரண்டு மாதம் அப்படி நிற்க வைத்தேன்.