நீல முட்டைக்கு இரண்டு ஞாயிறு

பினாங்கு
8 மார்ச் 1943
(ஆபீசில் ஜப்பான்காரர் ஆண்டுக் கணக்கில் 2603 என்றே எழுதிப் பழகி, இங்கும் அதையே எழுதப் போனேன்.)

அன்புள்ள யோகம்,

நீயும் அப்புத்துரை அண்ணரும் என் மேபலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் பிந்திவிட்டது, திட்டாதே. படகில் வந்துபோகிற யூசுப் நானாவிடம் நீ கொடுத்தனுப்பிய வெண்டைக்காய் இரண்டு நாளில் முடிந்தது; கடிதத்தைத்தான் பத்து நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். மேபலை உங்கள் மகள் என்று அரிசி அட்டையில் பதியலாமா என்று கேட்டிருக்கிறாய். என்ன சொல்வது? குண்டு விழுந்து அவள் அப்பா போன பிறகு, மூன்று வயதுப் பிள்ளையை ஒரு மாதத்துக்கு என்று உன்னிடம் விட்டேன். பதினான்கு மாதமாகிவிட்டது. இங்கே மரவள்ளிக்கிழங்கு, அங்கே சோறு. எனக்குத் தெரியாதா? இருந்தாலும் 'மகள்' என்று எழுதுவது... பிறகு சொல்கிறேன்.

இன்னொரு குழப்பம். ஈஸ்டர் எப்போது? இந்த வருஷம் தேவாலயக் காலண்டர் அச்சாகவில்லை, பாதிரியாரும் சிறையில். மார்ச் 21இலோ அதற்குப் பின்னோ வருகிற முதல் பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிறு என்று கல்லூரியில் படித்த நினைவு. உன் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லு. ஈஸ்டருக்கு அம்மா வருவேன் என்று மேபலிடமும் சொல்லு. அக்கரைக்கு வந்துபோக எனக்கு ஒரே ஒரு பாஸ்தான் தருவார்கள்.

உன்
சற்குணம்

*

கெப்பாலா பத்தாஸ்
13 மார்ச்

அன்புத் தோழி சற்குணம்,

பங்குனி உத்திரமும் பௌர்ணமியும் 21ஆம் திகதி ஞாயிறு. ஆகவே உன் ஈஸ்டர் 28. கேட்டுவிட்டு இவர் சிரிக்கிறார்: "வேதக்காரருக்கும் கடைசியில எங்கட பஞ்சாங்கம்தான் கைகுடுக்குது, என்ன?"

மேபலிடம் சொன்னேன். அன்றிலிருந்து, "இண்டைக்கோ, நாளைக்கோ?" என்று என் உயிரை வாங்குகிறாள். முட்டைக்குச் சாயம் போடுவீர்களாமே? அவித்தா, பச்சையாகவா? கோழி முட்டை இருக்கிறது. விபரமாக எழுது. அட்டை விஷயத்தையும் மறக்காதே. மாத முடிவில் பதிகிறார்கள்.

அன்புடன்
யோகம்மா

*

பினாங்கு
17 மார்ச்

அன்புள்ள யோகம்,

அவித்துத்தான்! அவள் கையில் பச்சை முட்டையைக் கொடுத்துவிடாதே. செம்மஞ்சளுக்கு வெங்காயத் தோலோடு அவி. நீலத்துக்குச் சங்குப்பூவைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அவித்த முட்டையை ஊறப்போடு. முட்டையில் முருங்கையிலை ஒன்றை ஒட்டி, பழைய துணியால் இறுக்கிக் கட்டி வெங்காயத் தோல் தண்ணீரில் போட்டால், அவிழ்க்கும்போது இலை வெள்ளையாக இருக்கும். முடிச்சை அவளே அவிழ்க்கட்டும், அதுதான் அவளுக்குச் சந்தோஷம். மெழுகுதிரித் துண்டால் அவள் எதையாவது கீறினால் அந்த இடத்தில் சாயம் பிடிக்காது. என்ன கீறினாள் என்று கேட்காதே, தானாகச் சொல்லுவாள். முன்பு அப்படித்தான். இப்போதும் அப்படித்தானா?

பிறகு ஒளித்துவைத்துத் தேடவிட வேண்டும். 28ஆம் திகதி காலைப் படகில் வருகிறேன். அட்டையைப் பற்றி நேரில் பேசுவோம். சில நாள் 'பதி' என்கிறேன், சில நாள் 'வேண்டாம்' என்கிறேன். இரண்டையும் நான்தான் சொல்கிறேன்.

சற்குணம்

*

பினாங்கு
26 மார்ச்

யோகம்,

அவசரம். 28 ஈஸ்டர் இல்லை! பாஸ் வாங்கிய கையோடு எங்கள் சபை உபதேசியாரைக் கண்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்: "வானத்து நிலாவைப் பாத்தோ பிள்ளை கணக்குப் போட்டாய்? சபைப் புத்தகத்து நிலா இருபதாம் திகதியே முடிஞ்சுது. இருபத்தொண்டுக்கு முந்தினது சேராது. அடுத்த நிலாதான்." ஈஸ்டர் ஏப்ரல் 25ஆம். கண்ணுக்கு முன்னால் தெரிகிற நிலாவா, புத்தகத்து நிலாவா? இரண்டு நாள் யோசித்தும் விளங்கவில்லை. பாஸை 25க்கு மாற்றிக்கொண்டேன். சரி செய்தேனா, பிழை செய்தேனா தெரியாது.

அம்மா ஏமாற்றவில்லை, நாள்தான் பிழைத்துவிட்டது என்று மேபலுக்குச் சொல்லு. கட்டாயம் சொல்லு.

சற்குணம்

*

கெப்பாலா பத்தாஸ்
19 ஏப்ரல்

சற்குணம்,

மூன்று வாரமாக நான் ஏன் எழுதவில்லை என்று நீ யோசித்திருப்பாய். உன் கடிதம் 27ஆம் திகதி பின்னேரமே யூசுப் நானா கையில் வந்தது. நான் பிள்ளைக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு காலையிலிருந்து அவள் வாசல் படலையடியில் நின்றாள். இரண்டு படகு நேரம் போனது. வாய்வரை வந்ததை விழுங்கினேன். ஒருதரம் காத்துக் களைத்தால் பிறகு கேட்கமாட்டாள் என்று நினைத்தேன். போன மாதம் ஒருநாள் என்னை 'அம்மா' என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று நாங்கள் அவித்த முட்டைகள் எல்லாவற்றையும் கண்டுபிடித்தாள், தின்றாள். நீலச் சாயக் கோப்பைக்குள் தன் கையாலேயே அவிக்காத முட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். அது மட்டும் காணவில்லை. கேட்டதற்குச் சொல்லவில்லை.

நேற்று அடைக்கோழி குஞ்சுகளோடு எழும்பியது. கூட்டுக்குள் நீல ஓடு. "இதென்ன பிள்ளை?" என்றேன்.

"அம்மாட முட்டை. அம்மா பிந்தித்தானே வருவா. பழுதாப் போயிடும் எண்டு கோழியிட்டக் குடுத்தனான்." பிறகு குஞ்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் பெரியம்மா இது நீலமா இல்லை?"

ஓட்டைப் பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன். அட்டைக்காரர் இம்மாதம் 26 வரை நாள் தந்திருக்கிறார். நீ வேண்டாம் என்றால் வேண்டாம். கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாலும் தடுக்கமாட்டேன்.

யோகம்மா

*

பினாங்கு
22 ஏப்ரல், பெரிய வியாழன்

யோகம்,

ஓடு மேலும் நொறுங்காமல் வந்தது. ஒரு துண்டில் விரல் அடையாளம் இருக்கிறது. அவளுடையதா உன்னுடையதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் மேல் கோபம் வரவேண்டும். இன்னும் வரவில்லை, படகில் ஏறியபின் வரலாம், அப்படி வந்தால் வாசலில் நின்று திட்டுகிறேன், கேட்டுக்கொள். பதினைந்து மாதம் அவளுக்குச் சோறு ஊட்டியவள் நீ. அன்று அவளைப் படலையடியில் நிற்கவிட்டவளும் நீ. இரண்டையும் ஒரு மனதில் எப்படி வைப்பது என்று எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அவளை இங்கே கூட்டிவந்து கிழங்கு கொடுக்க என்னால் முடியாது. அட்டையில் மேபலின் பெயரை எழுது. வயதை நான்கு என்று எழுது. உறவு என்று கேட்கிற இடத்தை மட்டும் வெறுமையாக விடு. ஞாயிற்றுக்கிழமை நான் வந்து, நாம் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்து, அவளையே கேட்டு எழுதுவோம்.

காலைப் படகு. இந்தமுறை அவளிடம் சொல்லிவிடு.

சற்குணம்