நோயில்லாதவர்களில் ஒருத்தி

அன்புள்ள என்னவருக்கு,

எல்லாரும் சுகம் என்று தொடங்கித்தான் பழக்கம். இந்தத் தடவை கை வரவில்லை. சின்னது சுகம். பேச்சுப் போட்டியில் அவளுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு தலைமையாசிரியர் மகளுக்குப் போனது, அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.

எனக்குச் சிறுநீரகத்தில் கல். வேண்டுமென்றேதான் போனில் சொல்லவில்லை. போனில் நீங்கள் ‘ம்’ கொட்டினால் அது எந்த ‘ம்’ என்று எனக்குப் புரிவதில்லை. கடிதம் என்றால் எழுதித்தானே பதில் சொல்லியாக வேண்டும்.

வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறதாம். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பி நாலில் ஒன்று வீங்கி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டுகிறதாம். டாக்டரம்மா படம் போட்டு விளக்க, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் நான் கேட்டுவரும் உங்கள் ஆராய்ச்சிக் கதை அல்லவா அது. இடுப்பு வலி, மறதி, தாகம், காரணமில்லாத எரிச்சல் எல்லாமே அதனால்தானாம்.

அங்கே ரத்தம் எடுக்க வந்தது யார் தெரியுமா? உங்கள் ஆராய்ச்சிக்கூடத்து ஊசியக்கா. இப்போது அங்கேதான் வேலை. உங்கள் ஆராய்ச்சியில் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனீர்களே, அன்றைக்கு ரத்தம் எடுத்தவர். என் கையைப் பிடித்தவுடனே, போன தடவையும் கால்சியம் ஏறித்தான் இருந்தது என்றார். பிறகு, “ஆனா சார்தான் அப்பவே உங்களை எடுத்துட்டாரேம்மா” என்றார். சார் எங்கே எடுத்தார், நீங்கள்தானே எடுத்தீர்கள் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “ரத்தத்தைச் சொல்லல, கணக்குலேருந்து” என்றார்.

கையில் பட்டையை ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டிவிட்டதால்தான் ஏறிக் காட்டுகிறது என்று அவர் மேல் எரிந்து விழுந்தீர்களாமே. சரி, அப்படியும் ஏறுமாம், டாக்டரம்மாவும் சொன்னார். அப்படியானால் இன்னொரு முறை எடுத்துப் பார்த்திருக்கலாமே? தெருவில் போகிறவர் என்றால் விட்டிருப்பீர்களா?

இதோடு விட்டுவிடத்தான் பார்த்தேன். ஆனால் மனசு சும்மா இருக்கவில்லை. மூட்டு வலிக்கு நான் விழுங்கிய கால்சியம் மாத்திரை அந்தச் சமயத்தில்தான் அலமாரியிலிருந்து காணாமல் போனது. காலாவதியாகிவிட்டது, தூக்கிப் போட்டேன் என்றீர்கள். அது அப்போதுதான் வாங்கிய புது டப்பா. நானும் நம்பினேன். அதன்பிறகு ஓயாமல் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று பின்னாலேயே வந்தீர்கள். கரிசனம் என்று பூரித்துப் போனேன், பைத்தியக்காரி.

பட்டைதான் காரணம் என்றால் மாத்திரையை ஏன் ஒளித்தீர்கள்?

எனக்கு ஒன்று தோன்றுகிறது. தோன்றக் கூடாதுதான், ஆனால் தோன்றுகிறது. நோயில்லாதவர்களில் ஒருத்திக்கு நோய் என்றால் மற்ற எல்லாரையும் மறுபடி சோதித்தாக வேண்டும். கட்டுரை தள்ளிப் போயிருக்கும். அந்தக் கட்டுரையால் கிடைத்து இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த வெளியூர் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்.

கல்லைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் எரிந்து விழும்போதெல்லாம் சின்னதிடம், ‘அம்மா சுபாவமே அப்படி, கண்டுக்காதே’ என்று சமாதானம் சொல்வீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் இப்போது என்னைக் கண்டுகொள்வதே இல்லை. என்னைப் பார்த்து எனக்கே வெறுப்பாக இருந்ததே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒருவேளை உங்களுக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்கலாம். மாத்திரைக்கும் ஏதாவது காரணம் வைத்திருப்பீர்கள். அப்படியிருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னைத் திட்டி எழுதுங்கள். சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

வீங்கிய சுரப்பியை ஆபரேஷன் செய்து அகற்ற நாள் குறிக்கச் சொல்கிறார் டாக்டரம்மா. வீட்டுக்காரர் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சீக்கிரம் புறப்பட்டு வாருங்கள். உங்களை நம்பிக் கழுத்தை நீட்டியவள் நான். டாக்டரம்மா அதில் கத்தி வைப்பதற்கு முன்னால், நீங்கள் ஏற்கெனவே அதை அறுத்தீர்களா இல்லையா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மனைவி