ஐந்து பேரில் இருவர்

1953 ஆகஸ்ட் 3

கல்லூரியில் இன்று பிராபபிளிட்டி தொடங்கினார்கள். தமிழில் என்ன சொல்வது? வாய்ப்புக் கணக்கு என்று வைத்துக்கொள்கிறேன். நடக்கக்கூடியவை எல்லாவற்றையும் முதலில் எழுத வேண்டும். அவற்றில் நாம் வேண்டுவது எத்தனை என்று பார்க்க வேண்டும். அல்போன்ஸ் அண்ணன் வலையைத் தோளில் போட்டபடி கேட்டான்: “ஏட்டி செசிலி, நாளைக்கு நெய்மீன் படுமா? அதச் சொல்லு.”

“எவ்வளவு வாய்ப்புன்னுதான் சொல்லும். படுமான்னு சொல்லாது.”

“பின்ன எதுக்குட்டி இந்தப் படிப்பு?” சிரித்துக்கொண்டே போனான்.

ஆகஸ்ட் 5

பெருங்காற்று. வள்ளம் கரை சேரவில்லை. அண்ணனையும் சேர்த்து ஐந்து பேர்.

ஆகஸ்ட் 9

பங்குச் சாமியாருக்குக் கொழும்பிலிருந்து தந்தி. நம் வள்ளத்துக்காரர் இருவரைக் கப்பல் ஒன்று காப்பாற்றியிருக்கிறது. பெயர் இல்லை! ஐந்து பேரில் இருவர் — பத்து ஜோடி வரும். நான்கில் அண்ணன் இருக்கிறான். பத்தில் நான்கு. வேறென்ன செய்ய? உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 10

அண்ணனோடு வள்ளத்தில் போன ஜான்ரோஸின் உடல் மணக்குடியில் ஒதுங்கியது. அவனை விட்டால் ஆறு ஜோடி, மூன்றில் அண்ணன். பாதிக்குப் பாதி. அவன் அம்மா மணலில் புரண்டு அழுகிறாள், என் பக்கம் வாய்ப்பு ஏறுகிறது. சேசுவே, என்ன கணக்கு இது!

ஆகஸ்ட் 12

அண்ணன் மனைவி கிரேசி மைனி அடுப்பு மூட்டவில்லை. “ஒன் கணக்கு என்னட்டி சொல்லுது?”

“பாதி, மைனி.”

“பாதின்னா? நான் அவியளுக்குச் சோறு வைக்கவா, வேண்டாமா?”

நானே போய் அடுப்பை மூட்டினேன். வந்துருண்ணே... நெய்மீன் ஒண்ணும் வேண்டாம், நீ வந்தா போதும்.

ஆகஸ்ட் 18

வந்துவிட்டார்கள். குமாரதாஸ், யேசுரத்தினம்.

மைனி அவர்களுக்குப் பின்னால் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வள்ளம் கவிழ்ந்ததும் அண்ணன் கையில் ஒரு பலகை அகப்பட்டதாம். நீந்த முடியாமல் தளர்ந்துபோன யேசுரத்தினத்திடம் அதைத் தள்ளிவிட்டானாம். யேசுரத்தினமே சொல்லி அழுதான்.

எல்லோருக்கும் வாய்ப்பு சமம் என்று வைத்துத்தான் பத்து ஜோடியும் எழுதினேன். அண்ணன் அதற்கு முன்பே, நடுக்கடலில், அதைச் சமமில்லாமல் ஆக்கியிருந்தான்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அண்ணனுக்குக் கல்லறை இல்லை. கடற்கரையில் மெழுகுதிரி ஏற்றினோம், காற்று அணைத்துவிட்டது. யேசுரத்தினமும் வந்து நின்றான்.

“கடைசியா அவிய என்ன சொன்னாவ? இன்னொருக்கச் சொல்லு” என்றாள் மைனி.

எத்தனையோ முறை சொன்னவன், தலைகுனிந்து மறுபடியும் சொன்னான்: “கெட்டியாப் புடிலே, மக்கா.”

அலைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி, நான் இன்னொரு முறை சொல்ல வைத்தேன். நன்றாகத்தான் கேட்டிருந்தது.