இழவு வீட்டில் அசிமினா வாய் திறந்தாள்

என் கண்ணான ஸ்டமாட்டாவுக்கு, அம்மா எழுதுவது. கன்னிமாதா தயவில் நாங்கள் மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றி வைத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், ஜன்னலைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். உன் தங்கை அசிமினா செய்த காரியத்தை எங்கே தொடங்கி எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

அவளை அங்கே கூப்பிட்டுக்கொள் என்று போன கடிதத்தில் உன்னைக் கெஞ்சியிருந்தேன் அல்லவா. பதினாறு முடிந்துவிட்டது, ஆட்டுரோமம் கத்தரிக்கிற கத்தரியால் தலைமுடியை வெட்டிக்கொண்டு, அப்பாவின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு திரிகிறாள், யாராவது நலம் விசாரித்தால் தரையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாள். சதுக்கத்துப் பையன்கள், ஏ தந்திக்கம்பம், மேல காத்து எப்படி அடிக்குதுன்னு கத்துவார்கள், இவள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள். சீதனத்துக்கு ஒரு தலையணை உறையாவது பின்னுடி என்றால், நான் தரையிலயே தூங்கிக்கிறேம்மா, தலையணைக்கு வேற மாப்பிள்ளை பாருங்கிறாள். இந்த ஊரில் அவள் மனம்விட்டுப் பேசின ஒரே இடம் அடுத்த வீட்டுப் பொலிக்சேனியின் தையல் மிஷின் பக்கம்தான்.

அந்தப் பொலிக்சேனி போன செவ்வாய்க்கிழமை செத்துப்போனாள். உன் கல்யாண உடுப்பைத் தைத்தவள், பாவி மகள், நாற்பது வயதுகூட ஆகவில்லை. வாசற்படியில் விழுந்து மண்டையில் அடி என்று புருஷன் ஸ்ட்ராட்டிஸ் சொன்னான், பாதிரியார் தலையாட்டினார், ஊரும் தலையாட்டியது. அவள் முகம் வீங்கி வரும்போதெல்லாம் படியில் விழுந்தாள் என்றுதானே கேட்டிருக்கிறோம். நாங்கள் பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்தோம், ஸ்ட்ராட்டிஸின் அத்தை கிரியாகூலா ஒப்பாரியைத் தொடங்கி, செத்தவளின் வெள்ளைக் கையையும் பொறுமையையும் பாடி முடித்தாள். அப்போது மூலையிலிருந்து நம் அசிமினா எழுந்து, அத்தே, எனக்கு முறை குடுங்க என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமாகாத பெண் ஒப்பாரி சொல்லி யார் பார்த்தார்கள்! பாவாடையைப் பிடித்து இழுக்கப் போனேன், இழுக்க அங்கே ஏது பாவாடை, அன்றைக்கும் கால்சட்டைதான். அவள் பிணத்தின் தலைமாட்டில் நின்று, எனக்கே தெரியாத ஒரு குரலில் பாடினாள் ஸ்டமாட்டா.

மூணே படி வீட்டுக்கு வாக்கப்பட்ட பொலிக்சேனி,
முப்பது வாட்டி விழுந்தியே, எந்தப் படி தள்ளுச்சு?
ஊருக்கெல்லாம் கிழிசல் தச்சே, உன் கிழிசல யாரு தச்சா?
படிக்குக் கை முளைச்சுச்சோ, கையில தோல்வாரு இருந்துச்சோ?
திங்கக்கிழமை சாயங்காலம் சுவத்து மேல நின்னேனே,
எங்கண்ணால பாத்தேனே, எங்கக்கா பொலிக்சேனி!

ஸ்ட்ராட்டிஸ் உள்ளே பாய்ந்து வந்து, இந்தப் பைத்தியத்த எவனாவது வெளிய இழுங்கடா என்று கத்தினான். ஆனால் ஒப்பாரி சொல்கிறவளைப் பாதியில் நிறுத்துவது நம் பக்கத்தில் கேள்விப்படாத காரியமாயிற்றே, பாதிரியாரே வாசலில் காத்து நிற்பார். கிரியாகூலாதான் எழுந்தாள், அவன் சொந்த அத்தை! டேய், பொணத்துக்கு முன்னால பாடறவ வாய உங்கப்பன் சாவுலயும் யாரும் பொத்தல, இன்னைக்கும் பொத்த விடமாட்டேன், வெளிய போய் நில்லு என்று சொல்லிவிட்டு, கடைசி அடியைத் திருப்பிப் பாடுகிற வழக்கப்படி அவளே முதலில் எடுத்தாள், எங்கண்ணால பாத்தேனே என்று. ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள். என் வாயும் பாடியதம்மா, நான் பாடச் சொல்லவில்லை, அதுவாகப் பாடியது.

அதற்கப்புறம் இந்த வீடு வீடாக இல்லை. ஸ்ட்ராட்டிஸ் கல்யாணத்தில் மணமக்கள் தலையில் மலர்முடி மாற்றி வைத்தது உன் அப்பா, கூடப் பிறந்த உறவைவிட இறுக்கமான கட்டு அது. காப்பிக்கடையில் அவர் மேஜைக்கு ஒருத்தரும் வந்து உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து, இவள நாளைக்கே கப்பலேத்து என்றார். கேக்க வேண்டியவங்க என்னக் கேக்கட்டும், அப்புறம் போறேன் என்று இவள் நிமிர்ந்து சொன்னாள், இவளா இப்படிப் பேசுகிறாள்! நேற்றுப் போலீஸ்காரர் வந்து, இவ சின்னப் பொண்ணு, டவுன் ஸ்டேஷனுக்குத் தகப்பன் கூட வந்து கையெழுத்துப் போட்டாத்தான் இவ சொல்றது செல்லும், இல்ல புத்தி சரியில்லாதவன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா இத்தோட முடிஞ்சுடும் என்று இரண்டு வழியும் சொல்லிவிட்டுப் போனார். ஸ்ட்ராட்டிஸின் தம்பி பொழுது சாயுமுன் வந்து, மாமா, அந்த ரெண்டாவதையே எழுதிடுங்க, எல்லாருக்கும் நல்லது என்றான். உன் அப்பா ம் என்றார், அவ்வளவுதான். என் பிள்ளையைப் பைத்தியம் என்று எழுதிவிடுவாரோ என்று விடிய விடிய கன்னிமாதா விளக்கடியில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலையில் முகம் மழித்து, கல்யாணத்துக்குப் போடுகிற கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டினார். நான் அடுப்பங்கரையில் நின்று அழுதேன். அவர் அவள் கட்டிலைத் தட்டி, எழுந்திரு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, பொலிக்சேனி தலையில மலர்முடி வெச்சவன் நான்தான, நான் வராம வேற எவன் கையெழுத்துப் போட வருவான் என்றார். ஜன்னல் வழியே பார்த்தேன், சதுக்கத்தின் நடுவே, காப்பிக்கடைக்கு முன்னாலேயே, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போனார்கள். அவள் அவரைவிட ஒரு சாண் உயரம், இன்றைக்குத்தான் கவனித்தேன்.

இன்னும் திரும்பவில்லை. டிக்கெட்டை இப்போது அனுப்பாதே, வழக்கு முடியாமல் இவள் போனால் பொய் சொல்லி ஓடினாள் என்பார்கள். குழந்தைக்கு மார்புச்சளி கட்டாமல் பார்த்துக்கொள், மாப்பிள்ளையிடம் என் அன்பைச் சொல், கன்னிமாதா உங்கள் மூவர் தலையிலும் கை வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, இனிமேல் உன் கடிதங்களில் அவளைக் குட்டி என்று எழுதாதே. பெயரைச் சொல்லி எழுது.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா வெனேத்தா